வானளாவிக்குப் பாட்டன்

பல மாடிக் கட்டடம் ஒன்று எழும்புவதைச் சாலையோரமாக நின்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் சுவர் எழும்புவதில்லை. தூண்கள் நிற்கின்றன, தூண்களை உத்திரங்கள் இணைக்கின்றன, உத்திரங்களின்மீது தளம் அமைகிறது. வெறும் எலும்புக்கூடாக ஐந்து மாடியும் பத்து மாடியும் நின்ற பிறகே சுவர் என்னும் தோல் வந்து மூடுகிறது. இது நமக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் 230 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு கொத்தனாரிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருக்குச் சுவர்தான் கட்டடம். தடித்த சுவரை எழுப்பி, அதன்மேல் மர உத்திரங்களைப் போட்டு, பலகை பரப்புவதே அவர் அறிந்த முறை.

உட்புறம் முழுவதையும் இரும்பே தாங்கி நிற்கும் முதல் பல மாடிக் கட்டடம் எங்கே எழுந்தது? நியூயார்க், சிகாகோ என்று நீங்கள் எண்ணலாம். அல்ல. இங்கிலாந்தின் மேற்குக் கோடியில், வேல்ஸ் நாட்டு எல்லையை ஒட்டி, செவர்ன் ஆறு வளைந்தோடும் ஷ்ரூஸ்பரி என்ற சிற்றூரின் புறத்தே, டிதரிங்டன் என்னும் பகுதியில் 1796-97ஆம் ஆண்டுகளில் எழுந்தது. அது நூல் நூற்கும் ஆலை. வானளாவிகளுக்கெல்லாம் பாட்டன் என்று அதைப் பொறியியல் வரலாற்றாசிரியர்கள் அழைக்கின்றனர். அந்தப் பாட்டன் இன்னும் இருக்கிறார் என்பது மட்டும் செய்தியன்று. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் கதவு திறந்து, கீழ்த்தளத்தில் காட்சிக்கூடமும் மேல் மாடிகளில் அலுவலகங்களுமாகப் புது வேலைக்கும் தயாராகிவிட்டார்!

நெருப்புக்கு அஞ்சியவர்கள்

அந்த ஆலையில் நூற்றது பருத்தி அன்று, ஆளி. ஆளி விதையை நாட்டு மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடியின் தண்டிலிருந்து கிடைக்கும் நார்தான் லினன் துணியாகிறது. தண்டை நீரில் ஊறவைத்து, அடித்து, இரும்புப் பல் வைத்த சீப்புகளால் வாரி நாரைப் பிரிக்க வேண்டும். இந்த வேலை நடக்கும் இடத்தில் காற்று முழுவதும் பஞ்சு போன்ற தூசு மிதக்கும். எந்திரங்களுக்கு விடும் எண்ணெய் பலகைத் தரையில் சொட்டிச் சொட்டி ஊறியிருக்கும். வெளிச்சத்துக்கோ மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும். இம்மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1791இல் லண்டன் மாநகரின் பெருமையாக இருந்த ஆல்பியன் மாவு ஆலை எரிந்து சாம்பலாயிற்று. லீட்ஸ் நகரில் ஜான் மார்ஷல் என்பவரின் ஆளி நூற்பாலையில் 1796 பிப்ரவரியில் தீப்பிடித்தது. தொழிலாளர்கள் இறந்தனர், பெரும் பொருள் அழிந்தது. மார்ஷலுக்கு ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த பெனியன் சகோதரர்கள் பங்காளிகளாக இருந்தனர். அந்த ஆண்டே அவர்கள் ஷ்ரூஸ்பரியில் நிலம் வாங்கினர். இனி எரியாத ஆலை வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

எரியாத ஆலைக்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. டார்பி நகரில் வில்லியம் ஸ்ட்ரட் என்பவர் 1793இல் கட்டி முடித்த பருத்தி ஆலையில் தூண்கள் இரும்பு. தளங்கள் செங்கல் வளைவு. ஆனால் உத்திரம் மட்டும் மரம். மரத்தின்மேல் சாந்து பூசி நெருப்பைத் தடுக்கப் பார்த்தார். அரைக் கிணறு தாண்டியவர் அவர். மீதி அரையைத் தாண்டியவர் சார்லஸ் பேஜ்.

ஒயின் வணிகர் போட்ட கணக்கு

இந்த பேஜ் யார் தெரியுமா? ஒயின் வணிகர்! நில அளவையும் செய்து வந்தார்; பிற்பாடு 1807இல் ஷ்ரூஸ்பரிக்கு மேயராகவும் இருந்தார். தந்தை காகித ஆலை நடத்தியதோடு நாவலும் எழுதியவர். பொறியியல் கல்லூரி என்று ஒன்று இங்கிலாந்தில் தோன்றாத காலம் அது. பேஜ் படித்த கல்லூரி, அவர் வாழ்ந்த வட்டாரம்தான். உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் 1779இல் எழுந்தது அதே செவர்ன் ஆற்றின்மேல், அதே ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில். அந்த மாவட்டத்துக் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவர் புகழ்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்டு. பேஜ் ஆலையைத் திட்டமிட்ட அதே சமயத்தில் டெல்ஃபோர்டு, ஷ்ரூஸ்பரி கால்வாயை ஆற்றுக்கு மேலே கொண்டுசெல்ல லாங்டன் என்ற ஊரில் இரும்பிலேயே ஒரு நீர்ப்பாலம் அமைத்துக்கொண்டிருந்தார். ஊரில் வில்லியம் ஹேஸல்டைன் என்பவரின் வார்ப்பாலை இருந்தது. இரும்பைப் பற்றிப் பேசவும், வார்த்துப் பார்க்கவும், ஒடித்துப் பார்க்கவும் கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தார்கள். பேஜ் ஸ்ட்ரட்டுக்குக் கடிதம் எழுதித் தம் கணக்குகளைப் பகிர்ந்துகொண்டார்.

ஆலையின் நீளம் 177 அடி. அகலம் 39½ அடி. உயரம் ஐந்து தளம். அகலத்தை மூன்று வரிசைத் தூண்கள் நான்காகப் பிரிக்கின்றன. சுவரிலிருந்து சுவருக்கு, தூண் தலைகளின்மேல் அமர்ந்து, இரும்பு உத்திரங்கள் ஓடுகின்றன. ஏறக்குறைய 10 அடிக்கு ஓர் உத்திரம். ஓர் உத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே செங்கல்லால் தாழ்வான வளைவு. அதன்மேல் நிரவித் தரை. நம் நாட்டிலும் பழைய ரயில் நிலையங்களில் அண்ணாந்து பார்த்தால், தண்டவாளம் போன்ற உத்திரங்களுக்கு இடையே அலை அலையாகச் செங்கல் வளைவு தெரியுமே, அதே குடும்பம்தான்.

செங்கல்லைப் பற்றி ஒரு வேடிக்கை. 1784 முதல் அந்நாட்டில் செங்கல்லுக்கு வரி உண்டு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையைப் பார்த்தார்களே தவிர, கல்லின் அளவைப் பார்க்கவில்லை. ஆகவே மக்கள் என்ன செய்தார்கள்? கல்லைப் பெரிதாக்கிவிட்டார்கள். இந்த ஆலையின் சுவர்களிலும் அத்தகைய பெரிய கற்களே உள்ளன. 1803இல் அரசு விழித்துக்கொண்டு பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டது. அதற்குள் ஆலை எழுந்து ஆறு ஆண்டு ஆகிவிட்டது!

சாக்குக்கட்டியும் ஈர்க்குச்சியும்

பேஜின் கையிலிருந்த பொருள் வார்ப்பிரும்பு. அதன் குணத்தை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு சாக்குக்கட்டி போதும். சாக்குக்கட்டியை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள். எளிதில் உடையாது. அதையே இரு கைகளாலும் பிடித்து வளையுங்கள். சட்டென்று முறியும். வளைக்கும்போது ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. அமுக்குவிசையைத் தாங்கும் சாக்குக்கட்டி, இழுவிசைக்கு ஈடுகொடுப்பதில்லை. வார்ப்பிரும்பும் அப்படியே. அதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்திருப்பதால், அமுக்குவதற்கு மிக வலிது. இழுப்பதற்குப் பல மடங்கு மெலிது. அதிலும் எஃகைப்போல் வளைந்து எச்சரிக்கை தராது, முன்னறிவிப்பின்றி உடையும்.

தூணுக்கு வார்ப்பிரும்பு பொருத்தமானது. தூணின் வேலை அமுக்கத்தைத் தாங்குவதுதானே? ஆனால் அதிலும் ஒரு சிக்கல். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். நொறுங்குவதற்கு முன்பே வில்லாக வளைந்து நழுவுகிறது. மெலிந்து நீண்ட தூணுக்கும் இந்த ஆபத்து உண்டு. நடுவில்தான் வளைவு மிகுதி. ஆகவே பேஜ் தூண்களைக் கூட்டல் குறிபோன்ற வெட்டுமுகத்தோடு வார்த்து, நடுவில் பருத்தும் இரு முனைகளிலும் சிறுத்தும் இருக்கச் செய்தார். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் அழகுக்காகச் செய்ததன்று. எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் இரும்பு.

உத்திரத்தின் கதை வேறு. அதன்மீது பாரம் ஏறும்போது அடிப்பாகம் இழுபடுகிறது. வார்ப்பிரும்பின் பலவீனம் எங்கோ அங்கேயே சுமை விழுகிறது. உத்திரத்தின் அடிப்பாகத்தை எவ்வளவு பருமனாக்கினால் சரியாக இருக்கும் என்பதை ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் என்பவர் முறையாகச் சோதித்துச் சொன்னது 1830ஐ ஒட்டித்தான். பேஜ் அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். கையிலிருந்த சில சோதனைகளையும் தம் கணக்கையும் மட்டுமே நம்பி ஐந்து தளங்களை அடுக்கினார். வார்ப்பிரும்பு உத்திரத்தை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் உலகம் கண்டது. 1847 மே மாதத்தில் செஸ்டர் நகரில் டீ ஆற்றின்மேல் இருந்த ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்திரம் உடைந்து, ரயில் ஆற்றில் விழுந்து, ஐந்து பேர் இறந்தனர். ஷ்ரூஸ்பரி ஆலையின் உத்திரங்களோ இன்றும் நிற்கின்றன. பேஜுக்கு நல்ல காலம் என்று சிலர் சொல்லலாம். உத்திரத்தின் நீளத்தைப் பத்தடிக்கு ஒரு தாங்கல் கொடுத்துக் குறைத்த நிதானத்தை நான் நல்ல காலம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு செய்தி. செங்கல் வளைவு எப்போதும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். நடு வளைவுகள் ஒன்றையொன்று தள்ளிச் சமன் செய்துகொள்ளும். கோடி வளைவு யாரைத் தள்ளும்? சுவரைத்தான். இந்தத் தள்ளுதலை அடக்க உத்திரங்களைத் தேனிரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டினர். தேனிரும்பு இழுவிசைக்கு வலிது. எந்தப் பொருள் எதற்கு என்பதில் அந்த ஒயின் வணிகர் தெளிவாகவே இருந்திருக்கிறார்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த ஆலையில் வெளிச்சுவர்களும் பாரம் தாங்குகின்றன. அதனால் இது முழு எலும்புக்கூடு அன்று. சுவரையும் சட்டகமே சுமக்கும் கட்டடங்கள் வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1885இல் சிகாகோவில் பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் முடிந்தபோது அந்தக் கிளை பூத்தது எனலாம். ‘எரியாத கட்டடம்’ என்ற பெயரும் முழு உண்மையன்று. வார்ப்பிரும்பு எரியாதுதான், ஆனால் பெருந்தீயில் பழுக்கக் காய்ந்த தூணின்மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது வெடித்துவிடக்கூடும். ஆயினும் பேஜின் ஆலைக்குச் சோதனை பக்கத்திலேயே வந்தது. 1811இல் இதை ஒட்டியிருந்த குறுக்குக் கட்டடம் தீயில் அழிந்தது. பெரிய ஆலை தப்பியது. குறுக்குக் கட்டடத்தை அடுத்த ஆண்டு மறுபடியும் கட்டியபோது அதற்கும் இரும்புச் சட்டகமே வைத்தார்கள்.

தூங்கக்கூடாத பிள்ளைகள்

இதுவரை இரும்பைப் பற்றியே பேசிவிட்டோம். அந்தத் தூண்களுக்கு இடையே நின்றவர்கள் யார்?

பெரும் பகுதியினர் பெண்களும் பிள்ளைகளும். ஆதரவற்ற பிள்ளைகளைப் பங்கு நிர்வாகங்கள் ஆலைக்கு ஒப்படைத்துவிடுவது அக்கால வழக்கம். ஷ்ரூஸ்பரி ஆலை வளாகத்தில் அத்தகைய தொழில்பழகும் பிள்ளைகள் தங்குவதற்கென்று கட்டிய வீடு இப்போதும் நிற்கிறது.

1832இல் ஆலைப் பிள்ளைகளின் நிலையைப் பற்றி மைக்கேல் சாட்லர் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று சாட்சிகளை விசாரித்தது. ஜானதன் டவுன் என்பவர் அதன்முன் வந்தார். ஏழு வயதில் ஷ்ரூஸ்பரியில் மார்ஷலின் ஆலையில் வேலைக்குப் போனவர். வேலை நேரத்தில் ஒரு பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் மேற்பார்வையாளர் என்ன செய்வார் என்று அவர் விவரித்தார். பிள்ளையின் தோளைத் தொட்டு அழைத்துப் போவார். அறையின் மூலையில் இரும்புத் தொட்டியொன்று நிறைய நீருடன் இருக்கும். பிள்ளையின் கால்களைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாக அதில் முக்கி எடுப்பார். பிறகு நனைந்த உடையோடு வேலைக்குத் திருப்பி அனுப்புவார்.

அதே குழுவின்முன் எலிசபெத் பென்ட்லி என்ற பெண்ணும் வந்தார். இவர் லீட்ஸ் நகரில் வேறொரு ஆளி ஆலையில் ஆறு வயது முதல் உழைத்தவர். நெடுநேரம் நின்றதாலும் கனத்த கூடைகளை இழுத்ததாலும் தம் எலும்புகள் பிசகி உடல் கோணிப்போனதை அவர் சொன்னார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

மறு ஆண்டு, 1833இல், ஆலைச் சட்டம் வந்தது. துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது; ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயது வரை வாரத்துக்கு 48 மணி என வரம்பு கட்டியது; சட்டத்தை மீறுகிறார்களா என்று பார்க்க ஆய்வாளர்களையும் நியமித்தது. இன்று நமக்கு அந்த 48 மணியே திகைப்பாக இருக்கிறது. அன்று அது பெரிய வெற்றி.

நெருப்பிலிருந்து எந்திரத்தையும் கட்டடத்தையும் காக்க அவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டவர்கள், உள்ளே நின்ற உடல்களுக்குக் கணக்கே போடவில்லை. இந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள் கீழ்த்தளக் காட்சியில் இரும்பின் பெருமையோடு இங்கே உழைத்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இருட்டு கேட்ட தொழில்

1886இல் மார்ஷல் நிறுவனம் ஆலையை மூடியது. பத்தாண்டுகள் கழித்து வில்லியம் ஜோன்ஸ் என்ற மால்ட் தயாரிப்பாளர் அதை வாங்கினார். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து மால்ட் செய்வதை நம் வீடுகளில் அறிவோம். அங்கே பார்லியில் செய்கிறார்கள். பெரும்பாலும் பீர் காய்ச்ச. பார்லியை ஊறவைத்து, பரந்த தரையில் விரித்து, நாட்கணக்கில் புரட்டிப் புரட்டி முளைவிடச் செய்ய வேண்டும். முளை நீளும் முன் சூளையில் சூடு கொடுத்து நிறுத்திவிட வேண்டும்.

ஈரத் தானியம் கனமானது; பலமான, அகன்ற, எரியாத தரை தேவை. அது ஏற்கெனவே ஐந்து அடுக்காகத் தயாராக இருந்தது! ஆனால் நூற்பாலைக்கு வெளிச்சம் வேண்டும். மால்ட் தளத்துக்கோ குளிர்ச்சியும் அரை இருட்டும் வேண்டும். எனவே பெரிய சன்னல்களில் பலவற்றைச் செங்கல்லால் அடைத்தார்கள், சிலவற்றைச் சிறியதாக்கினார்கள். பக்கத்தில் கூம்புக் கூரையுடன் உயரமான சூளை ஒன்றைக் கட்டினார்கள். பாரம் தூக்கும் கோபுரத்தின் உச்சியில், விக்டோரியா அரசியின் 1897ஆம் ஆண்டு வைரவிழா நினைவாக, ஒரு கிரீடத்தையும் வைத்தார்கள். ஆலைக்குக் கிரீடம் எதற்கு என்று கேட்காதீர்கள். இன்று அது இல்லாத ஷ்ரூஸ்பரியை அவ்வூர்க்காரர்களால் நினைத்துப் பார்க்க முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது அங்கே படைவீரர்கள் தங்கினார்கள். போருக்குப் பின் மீண்டும் மால்ட். 1987இல் அதுவும் நின்றது. கதவு சாத்தப்பட்டது, புறாக்கள் குடியேறின.

இதற்கிடையே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. மண்விசையியல் அறிஞரான அலெக் ஸ்கெம்ப்டன், ஜான்சன் என்பவரோடு சேர்ந்து, முதல் இரும்புச் சட்டகங்களைப் பற்றி 1962இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புழுதி படிந்த மால்ட் கிடங்கு ஒன்று கட்டடக் கலை வரலாற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அத்தகைய ஆய்வுகளால்தான் தெளிவாயிற்று. அது தெரியாமலிருந்தால் 1987க்குப் பிறகு இடிக்கும் எந்திரம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இடிப்பதா, இருத்துவதா?

பாழடைந்த கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். செலவும் குறையுமே? கேள்வி நியாயமானது. புதுப்பிக்க ஆன செலவு 2 கோடியே 80 லட்சம் பவுன். அதில் 2 கோடிக்கு மேல் தேசிய லாட்டரியின் மரபு நிதியிலிருந்து வந்தது. சாதாரணத் தொகையன்று.

ஆனால் பணத்தோடு இன்னொரு கணக்கையும் இப்போது போட வேண்டியிருக்கிறது. ஒரு டன் சிமெண்டு செய்ய அரை டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு காற்றில் கலக்கிறது. இரும்புத் தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு செய்ய ஏறக்குறைய 2 டன். செங்கல்லைச் சுட எரிபொருள் தனி. உலகில் எரிசக்தியாலும் தொழிற்செயல்களாலும் வெளியாகும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கட்டடங்களை எழுப்புவதாலும் அவற்றைச் சூடாக்கிக் குளிராக்கி வெளிச்சமாக்குவதாலும் வருவது. இந்த ஆலையின் இரும்பை உருக்கிய புகையும், செங்கல்லைச் சுட்ட புகையும் 1797க்கு முன்பே வானத்துக்குப் போய்விட்டன. திரும்பப் பெற முடியாது. இடித்தால் அந்தப் புகை வீண். புதிதாகக் கட்டினால் மறுபடியும் ஒரு புகை. நிற்கும் சுவருக்கு இப்படி ஒரு விலை உண்டு என்பதை நாம் அண்மையில்தான் மதிப்பிடத் தொடங்கியிருக்கிறோம்.

பழைமையைக் காக்கும் அரசு நிறுவனமான இங்கிலீஷ் ஹெரிடேஜ் 2005இல் ஆலையை வாங்கியது. பின்னர் 2015இல் பிரிந்து அமைந்த ஹிஸ்டாரிக் இங்கிலாந்து பணியைத் தொடர்ந்தது. முதலில் கொல்லுப்பட்டறையையும் குதிரை லாயத்தையும் சீர்செய்து 2015இல் திறந்தார்கள். பெரிய ஆலையின் வேலை பிறகுதான்.

சுவரைத் திறந்து பார்த்தபோது வேடிக்கையான முரண் ஒன்று வெளிப்பட்டது. எரியாத ஆலையில் மரமே இல்லை என்றுதானே எண்ணினோம்? சுவருக்குள்ளே கட்டுமானத்துக்காக மரக்கட்டைகளைப் பதித்திருந்தார்கள். இரும்பு நின்றது, செங்கல் நின்றது, அந்த மரம்தான் ஈரத்தில் உளுத்துச் சுவரைப் பலவீனமாக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு அவ்விடங்களைக் கட்டி நிரப்ப வேண்டியிருந்தது. வரிக்குத் தப்பிய அந்தப் பழைய பெரிய செங்கல் எந்தக் கடையிலும் கிடைக்காதே! அதே அளவில் கையால் அறுத்துச் சுட்டுக் கொண்டுவந்தார்கள்.

இத்தகைய பழஞ்சுவருக்குச் சிமெண்டுச் சாந்து ஆகாது. சுண்ணாம்புச் சாந்தே வேண்டும். ஏன்? பழைய செங்கல் மழையில் ஈரம் குடிக்கும். வெயிலில் அதை வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து இந்தப் போக்குவரத்துக்கு வழிவிடுகிறது. சிமெண்டு வழியை அடைத்துவிடும். ஈரம் செங்கல்லிலேயே தேங்கி, குளிரில் உறைந்து, பனிக்கட்டியாகப் பெருகிக் கல்லின் முகத்தைப் பிளக்கும். பலமான பொருள் என்று நாம் நம்புவதே பழைய கட்டடத்துக்குப் பகையாவது இப்படித்தான். நம் ஊர்க் கோயில்களிலும் மச்சு வீடுகளிலும் சிமெண்டு பூசி ஈரம் ஏறியதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது.

தடித்த செங்கல் சுவரால் இன்னொரு பயன் உண்டு. அது சூட்டை மெல்ல வாங்கி மெல்லக் கொடுக்கும். உள்ளே வெப்பம் ஒரேயடியாக ஏறி இறங்காது. மீதித் தேவைக்கு நிலத்திலிருந்தே வெப்பத்தை எடுக்கும் பம்பு அமைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நிலத்துக்கடியில் சில அடி ஆழம் போனால், மேலே உறைபனி பெய்தாலும், மண்ணின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. மண்ணில் புதைத்த குழாய்களில் ஓடும் நீர்மம் அந்த இளஞ்சூட்டை வாங்கி வருகிறது. பம்பு அதைச் செறிவாக்கிக் கட்டடத்துக்குள் விடுகிறது. உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இருந்த சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதே வேலைதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. ஒரு பங்கு மின்சாரம் செலவிட்டால் மூன்று பங்குக்குக் குறையாமல் வெப்பம் கிடைப்பது இத்தகைய பம்புகளின் சிறப்பு.

சூளை வழியாக மேலே

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது மாடிக்குப் போகும் வழி.

அலுவலகம் என்றால் எல்லாரும் ஏற முடிய வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர், முழங்கால் வலியுள்ள முதியவர், குழந்தை வண்டி தள்ளும் தாய் ஆகியோருக்கு ஆலையின் பழைய குறுகிய படிக்கட்டு உதவாது. லிஃப்ட் வேண்டும். ஐந்து தளத்துக்கும் லிஃப்ட் வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு தளத்திலும் துளை போட வேண்டும். அங்கேதான் வில்லங்கம். ஒரு வளைவின் தள்ளுதலை அடுத்த வளைவு எதிர்த்து நிற்கிறது என்று முன்பே பார்த்தோம். நடுவில் ஒன்றை வெட்டியெடுத்தால் அண்டை வளைவுகள் உத்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். உத்திரமோ வார்ப்பிரும்பு. அந்தத் தூண்களும் உத்திரங்களும்தானே நாம் காக்க வந்த செல்வம்?

வடிவமைப்பாளர்களின் கண் பக்கத்திலிருந்த மால்ட் சூளைமேல் விழுந்தது. 1898இல் கட்டிய அந்தச் சூளை, அனல்காற்று மேலே ஏறுவதற்கென்றே உயரமாக அமைந்த கூடு. அங்கே தொட்டுவிடக்கூடாத 1797ஆம் ஆண்டு இரும்பு எதுவும் இல்லை. லிஃப்டையும் புதுப் படிக்கட்டையும் சூளைக்குள் வைத்தார்கள். அதுவே கட்டடத்தின் வாசலாயிற்று. சூளைக்குள் நுழைந்து, மேலே சென்று, வேண்டிய தளத்தில் இறங்கினால் பெரிய ஆலைக்குள் போய்விடலாம். நூற்பாலைக்காரர்கள் நினைத்திராத ஏணியை மால்ட்காரர்கள் விட்டுப்போயிருந்தார்கள்.

அடைத்திருந்த சன்னல்களையும் திறந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. 1797க்குத் திரும்புவதா, 1897ஐ வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு அவர்கள் ஒரே விடை சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்து எழுதவும் படிக்கவும் வெளிச்சம் வேண்டும். அதற்காகப் பெரிய சன்னல்கள் மீண்டன. மால்ட் காலத்துச் சிறிய சன்னல்கள் சிலவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். வெளியே நின்று பார்த்தால் எது நூல் காலம், எது மால்ட் காலம் என்று சுவரிலேயே படிக்கலாம். கோபுரத்துக் கிரீடத்தையும் செப்பனிட்டு ஏற்றிவிட்டார்கள்.

மாடிகளில் தடுப்புச் சுவர்களை நெருக்கி வைக்காமல் தூண் வரிசைகள் கண்ணுக்குத் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். மேசை போட்டு வேலை செய்பவருக்குப் பக்கத்திலேயே, நடுவில் பருத்து முனைகளில் சிறுத்த அந்தக் கூட்டல் குறித் தூண் நிற்கும். அதன்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் வெள்ளையடித்த செங்கல் வளைவு. ஜானதன் டவுன் ஏழு வயதில் பார்த்த அதே தூண்தான். காலையில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், பார்லி உலர்ந்த சூளைக்குள் பொத்தானை அழுத்தி, அந்தத் தளத்துக்கே போய் இறங்கலாம்.